கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்கிறோம், பதிவுக்கு?

முகூர்த்த மாதங்களில் கிருஷ்ணகிரி அச்சகங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். தாய்மாமன் பெயர் விட்டுப்போகவில்லையே, பெரியப்பாவுக்கு அடுத்துச் சித்தப்பா வரிசையாக வருகிறாரா, முகூர்த்த நேரம் சரியா, மண்டபத்தின் பெயரில் பிழை இருக்கிறதா என்று நாலு பேர் மாற்றி மாற்றிப் படிப்பார்கள். கண்ணாடியை மறந்துவிட்டு வந்த தாத்தாவுக்கு யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்கள். அப்புறம்தான் "அடிச்சிடுங்க" என்ற வார்த்தை வரும்.

500 பத்திரிகைக்கு இவ்வளவு கவனம். அதே வீட்டுப் பிள்ளை தோப்பு மாம்பழத்தை விற்க இன்ஸ்டாகிராமில் ரீல் போடும்போது, பஸ்ஸில் நின்றபடியே தட்டி அனுப்பிவிடுகிறார். பத்திரிகையில் தப்பு இருந்தால் உறவுக்காரர் போன் பண்ணிக் கேட்பார். பதிவில் தப்பு இருந்தால் முன்பின் தெரியாதவர் எதற்குக் கேட்கப்போகிறார்? அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலும் சிறு வியாபாரிகளுக்குப் பதிவு தயாரித்துக் கொடுக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். மாந்தோப்புக்காரர்கள், ஒட்டுக்கன்று விற்பவர்கள், பர்கூர்ப் பக்கம் துணி வியாபாரிகள், கேழ்வரகு மாவு அரைத்து விற்கும் பெண்கள் என்று பலரோடும் பழகியிருக்கிறேன். ஒரு பதிவு எடுபடாமல் போவதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருந்ததை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். போட்டவர் அதைத் தன் போனில், தன் கேலரியில், எல்லா விவரமும் முன்பே தெரிந்த தன் கண்ணால் மட்டும் பார்த்திருப்பார். வாங்குகிறவரின் போனில் அது எப்படித் தெரியும் என்று ஒரு தடவைகூடப் பார்த்திருக்கமாட்டார். பெரும்பாலான கோளாறு அங்கேதான் இருக்கிறது.

சந்தூர்ப் பக்கம் ஒரு தோப்புக்கார அண்ணன். மாங்கன்றுக்குப் பேர்போன ஊர் அது. போன சீசனில் அவர் எடுத்த ரீல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விடிந்தும் விடியாத நேரம், இலையில் ஈரம், காம்போடு செந்தூராவைப் பறிக்கும் கை, காம்பு முனையிலிருந்து பால் சொட்டுவது. காசு கொடுத்தால்கூட அப்படி ஒரு காட்சி அமையாது. கடைசி நான்கு நொடியில் தோப்பின் பெயர், விலை, போன் நம்பர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். நிறையப் பேர் பார்த்தார்கள். ஆனால் கீழே வரிசையாக ஒரே கேள்வி: நம்பர் என்ன, விலை என்ன, எந்த ஊர்?

அண்ணனுக்குக் கோபம். "நம்பரை இவ்ளோ பெருசா போட்டிருக்கேனே தம்பி, படிக்கமாட்டாங்களா?" என்று தன் போனை நீட்டினார். அதில், கேலரியில் இருந்த வீடியோவில், நம்பர் பளிச்சென்று இருந்தது. என் போனில் இன்ஸ்டாகிராமைத் திறந்து அதே ரீலைக் காட்டினேன். நம்பர் இருந்த இடத்தின் மேல் அவருடைய கணக்குப் பெயர், விளக்க வரி, பின்னணிப் பாட்டின் பெயர் மூன்றும் ஏறி உட்கார்ந்திருந்தன. விலையின் கடைசி இலக்கத்தின் மேல் இதயக் குறி. அண்ணன் சிறிது நேரம் பேசவே இல்லை.

ரீல் என்பது 1080-க்கு 1920 என்ற அளவில் போன் திரை முழுவதையும் அடைக்கும் செங்குத்து வீடியோ. ஆனால் அந்தத் திரை முழுவதும் நமக்குச் சொந்தமில்லை. ரீல்ஸ் விளம்பரங்களுக்கு, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் சொல்லும் கணக்கு இது: மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், இரண்டு பக்கமும் 6 சதவீதம் எழுத்தில்லாமல் விட்டுவிட வேண்டும். விளம்பரமாக இல்லாமல் சாதாரணமாகப் போடும் ரீலுக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். கீழே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள். நம் ஊர் போர்டு, நோட்டீஸ் எல்லாவற்றிலும் நம்பர் அடியில்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் கை தானாகவே நம்பரைக் கீழே கொண்டுபோய் வைக்கிறது. ரீலில் நம்பருக்கு ஏற்ற இடம் நடு.

படத்துக்கும் இதே கதைதான். இன்ஸ்டாகிராம் 2010-இல் தொடங்கியபோது சதுரப் படம் மட்டும்தான் போட முடியும். 2015-இல் நீளப் படமும் அகலப் படமும் அனுமதிக்கப்பட்டன. 2025 ஜனவரியில், நம் பக்கத்தைத் திறந்தால் வரிசையாகத் தெரியும் சிறு கட்டங்களையும் சதுரத்திலிருந்து செங்குத்தாக மாற்றிவிட்டார்கள். பழைய சதுரக் கணக்கில் ஓரம்வரை எழுத்து வைத்து வடிவமைத்தவர்களுக்கு இரண்டு பக்கமும் எழுத்து வெட்டுப்பட்டது. ஒரு துணிக்கடையின் பக்கத்தில் கடைப் பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இல்லாமல் ஒன்பது படங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தேன். தளங்கள் இப்படி அவ்வப்போது அளவை மாற்றிக்கொண்டேதான் இருக்கும். முக்கியமானதை நடுவில் வைத்துப் பழகிவிட்டால் அடுத்த மாற்றத்தில் அடி குறைவாக விழும்.

தமிழில் பதிவு போடுகிறவர்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இவை இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது எழுத்துரு. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யூனிகோடில், 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பல ஃபிளெக்ஸ் கடைகளில் இன்றைக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. அவற்றில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஃபிளெக்ஸாக அடிக்கும்வரை பிரச்சினை இல்லை. கடைக்காரர் அனுப்பிய அதே வாசகத்தை நகலெடுத்து ஃபேஸ்புக் பதிவில் ஒட்டினால், "மாம்பழம்" இருந்த இடத்தில் யாருக்கும் புரியாத ஆங்கில எழுத்துக் கோவை நிற்கும். வீடியோ எடிட்டிங் செயலிகள் சிலவற்றில் வேறு மாதிரி கோளாறு வரும். கொம்பும் காலும் எழுத்தோடு சேராமல் பிரிந்து நிற்கும், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் முளைக்கும். "கொய்யா" என்று எழுதியது சிதறிக் கிடக்கும். தயாரித்தவர் அவசரத்தில் கவனிக்காமல் விடுவார், படிக்கிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

இரண்டாவது, குரல் தட்டச்சு. நம்மில் பலர் பேசித்தான் எழுதுகிறோம், நல்ல வசதிதான். ஆனால் நம் பேச்சில் ல, ள, ழ மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். "பழம்" என்று சொன்னது "பலம்" என்று விழும், "விலை" என்றது "விளை" என்று வரும். எழுதியவர் கண்ணுக்கு இது தெரியாது. தான் நினைத்ததையே கண் படித்துக்கொண்டு போய்விடும். அச்சகத்தில் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினார்களே, அதே வைத்தியம்தான் இதற்கும். ஒரு சொல் விடாமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவரை விட்டுப் படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

மூன்றாவது, எழுத்து எண்ணிக்கை. கிருஷ்ணகிரி என்ற சொல்லில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக் கணக்கில் பதினொன்று, ஏனென்றால் இகரக் கொக்கி, உகரச் சுழி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் சாதாரணக் கணக்குக்கு உள்ள 280 என்ற வரம்பு இந்தக் கணினிக் கணக்குதான். அதனால் ஆங்கிலத்தில் சொல்கிற அளவு செய்தியைத் தமிழில் அங்கே அடைக்க முடியாது. குறுஞ்செய்தியில் இன்னும் நெருக்கடி, ஆங்கிலத்துக்கு 160 என்றால் தமிழுக்கு 70.

இன்ஸ்டாகிராமில் 2,200 குறியீடுகள்வரை எழுதலாம், தாராளமான இடம். ஆனால் பார்ப்பவருக்கு முதலில் தெரிவது ஒன்றிரண்டு வரிதான், மீதியைப் படிக்க அவர் தொட்டுத் திறக்க வேண்டும். அந்த ஒன்றிரண்டு வரியை நாம் என்ன செய்கிறோம்? "அனைவருக்கும் அன்பான வணக்கம், எங்கள் தோப்பின் சார்பாக உங்கள் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்" என்று எழுதி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். மரியாதை வேண்டும், மறுக்கவில்லை. அதைக் கடைசியில் நன்றியோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம். "மரத்திலேயே முற்றிய செந்தூரா. 5 கிலோ பெட்டி. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளலாம்." இப்படித் தொடங்கினால், திறக்காமல் போகிறவருக்கும் விஷயம் போய்ச் சேரும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே பதம் பார்க்கக் கிடைப்பது அந்த முதல் வரிதான்.

இனி தேதி. இன்ஸ்டாகிராம் 2016-இலிருந்தே பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதை விட்டுவிட்டது. யாருக்கு எது பிடிக்கும் என்று அதுவே கணித்து முன்னும் பின்னும் அடுக்குகிறது. ஆகவே வெள்ளிக்கிழமை நீங்கள் போட்டதை ஒருவர் திங்கட்கிழமை பார்ப்பது சர்வசாதாரணம். "நாளை போச்சம்பள்ளி சந்தையில் எங்கள் கன்றுகள் கிடைக்கும்" என்று சனிக்கிழமை எழுதுகிறீர்கள். ஞாயிறு மாலை படிப்பவர் திங்கட்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வந்தால் சந்தை இருக்காது. "ஜூன் 14, ஞாயிறு" என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே வராது. இன்று, நாளை, இந்த வாரம் என்ற சொற்களைப் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும் விதிவிலக்கு, அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆனால் அதே படத்தை யாராவது குழுவில் தள்ளிவிட்டால் அதற்குச் சாவே கிடையாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டி "இந்த விலைக்குத் தருவீங்களா" என்று கேட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். விலை இருக்கும் படத்தில் தேதியும் இருக்க வேண்டும், அதுவும் படத்துக்குள்ளேயே.

திட்டமிடுவது என்றால் பலரும் ஒரு அட்டவணையைத் திறந்து, திங்கள் இது, செவ்வாய் அது என்று நிரப்பத் தொடங்குகிறார்கள். தோப்பு வைத்திருப்பவருக்கு அட்டவணையை மரமே போட்டுக் கொடுத்திருக்கிறது. மார்கழி, தையில் பூ எடுக்கும். மாசியில் பிஞ்சு பிடிக்கும், பாதி உதிரும். பங்குனியில் வடு. சித்திரைக் கடைசியில் முதல் பழம், வைகாசியும் ஆனியும் உச்சம், நீலம் ரகம் ஆடிவரை இழுக்கும். தையில் பூத்த கிளையைக் காட்டியவர், மாசியில் உதிர்ந்த பிஞ்சைக் கையில் அள்ளிக் காட்டியவர், வைகாசியில் "பழம் தயார்" என்று சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு கதை நிற்கிறது. நாலு மாதமாக அந்த மரத்தோடு சேர்ந்து காத்திருந்தவர்கள் வாங்க வருவார்கள். ஓசூர் ரோஜாக்காரர்களுக்குப் பிப்ரவரி 14, ஒகேனக்கல்லில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஆடிப் பதினெட்டு. அவரவர் தொழிலுக்குள்ளேயே நாள்காட்டி இருக்கிறது.

எது அதிகம் பேரைச் சென்று சேரும் என்ற கேள்விக்கு, இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி வெளிப்படையாகச் சொன்ன பதில் இருக்கிறது. எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் விரும்புகிறார்கள், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்றும்தான் முக்கியம் என்றார். இதில் மூன்றாவது நம் ஊருக்கு மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம். நாம் எதையும் அக்காவுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் அனுப்பிப் பழகியவர்கள். "எங்கள் பழம் சிறந்தது" என்பதை யாரும் அக்காவுக்கு அனுப்பமாட்டார்கள். வைக்கோலில் காயை அடுக்கிப் பழுக்க வைக்கும் முறை, பெங்களூராவுக்கும் செந்தூராவுக்கும் ருசியில் என்ன வித்தியாசம், எதை ஊறுகாய்க்கு எடுப்பது, இதையெல்லாம் அனுப்புவார்கள். பதிவைத் தயாரித்ததும் "இதை யார் யாருக்கு அனுப்புவார்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எந்த நேரத்தில் போடுவது என்பதற்கு இணையத்தில் நிறையப் பட்டியல்கள் உண்டு. எங்கோ யாருக்கோ கணக்கிட்ட நேரம் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் தொழிலாளிக்குப் பொருந்தாது. தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டால் உங்களைப் பின்தொடர்பவர்கள் எப்போது திரையில் இருக்கிறார்கள் என்று இன்ஸ்டாகிராமே காட்டும். அதைப் பாருங்கள், போதும்.

முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து வைக்கும் வசதி இலவசமாகவே இருக்கிறது. இன்ஸ்டாகிராம் செயலியிலேயே தொழில்முறைக் கணக்குக்கு 75 நாள்வரை முன்னதாகக் குறித்து வைக்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் சேர்த்துச் செய்ய மெட்டா பிசினஸ் சூட் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பதிவு எப்படித் தெரியும் என்ற முன்தோற்றத்தையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். வேலை மிச்சம்தான். ஆனால் குறித்து வைத்த பதிவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. வைகாசியில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்று அடித்து ஊரில் பாதித் தோப்புகளில் காய் கொட்டிக் கிடந்தது. மறுநாள் காலை, நான் பத்து நாளைக்கு முன் குறித்து வைத்த "காற்றில் ஆடும் மாங்கனிகள், ஆர்டர் செய்யுங்கள்" என்ற பதிவு ஒரு தோப்பின் பெயரில் வெளிவந்தது. அந்தத் தோப்புக்காரர் கீழே விழுந்த காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் எனக்கு மனசு ஆறவே இல்லை. அன்றிலிருந்து, குறித்து வைத்திருந்தாலும் ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைக்கு வெளிவர இருப்பதைத் திறந்து படிக்கிறேன். நிறுத்தும் வழி இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

விலையைக் குறித்து வைக்கவே கூடாது. பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளி மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சட்டத்தையும் இந்த ப்ரூஃப் பார்க்கும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும். மாம்பழத்தைக் கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழுக்க வைக்க எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுவரை அனுமதிக்கப்படுகிறது. ஆகவே எத்திலீன் அறையில் பழுக்க வைத்ததைக் "கல் வைக்காத பழம்" என்று சொல்லலாம், "தானாகப் பழுத்தது" என்று சொல்வது பொய். தர்மபுரிப் பக்கம் கேழ்வரகு, சாமை விற்கும் பலர் "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று நல்லெண்ணத்தில் எழுதிவிடுகிறார்கள். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க முடியும். அபராதத்தை விடுங்கள், அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? நார்ச்சத்து உண்டு, சுண்ணாம்புச் சத்து உண்டு என்று இருப்பதைச் சொன்னாலே கேழ்வரகு விற்கும். மகாராஷ்டிராவின் ரத்னகிரி, சிந்துதுர்க் வட்டார அல்போன்சாவுக்கு 2018-இல் புவிசார் குறியீடு, அதாவது ஊரோடு சேர்ந்த பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்திருக்கிறது. நம் தோப்பு அல்போன்சாவை நம் ஊர்ப் பெயரிலேயே விற்பதுதான் நேர்மை. கிருஷ்ணகிரி என்ற பெயருக்கு மாம்பழத்தில் என்ன குறைச்சல்?

சரி, எங்கே வைத்துப் பார்ப்பது? வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது, படத்தை முதலில் அங்கே அனுப்பிப் பாருங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். கேலரியில் தெளிவாக இருந்த சிறிய எழுத்து அங்கே கலங்கித் தெரிந்தால், எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று அர்த்தம். ஸ்டேட்டஸை ஒரே ஒருவருக்கு மட்டும் தெரியும்படி அமைக்கலாம். அந்த ஒருவர் வீட்டிலேயே இருக்கட்டும், போன் பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று படத்தைப் பாருங்கள். மாம்பழ மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து வைத்தவர்கள் எல்லோரும் அங்கேதான் திருந்தினார்கள். வெயிலில் போக நேரமில்லையென்றால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், அதில் எழுத்து படிக்க முடிந்தால் வெயிலிலும் பெரும்பாலும் படிக்க முடியும். கடைசியாக, பதிவில் இருக்கும் நம்பரைப் பார்த்து வேறொரு போனிலிருந்து ஒவ்வொரு இலக்கமாக அடித்துக் கூப்பிடுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டு, முழு சீசனும் வேறு யாருடைய போனோ அடித்துக்கொண்டிருந்த கதை உண்டு.

சந்தூர் அண்ணன் இப்போது எந்தப் பதிவையும் முதலில் தன் அம்மாவிடம் காட்டுகிறார். "ஒரு பெட்டிக்கு எத்தன பழம் வரும்னு போடலியே?" என்று அந்த அம்மா கேட்டதற்குப் பிறகுதான் அந்த விவரமும் பதிவில் ஏறியது. வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வியும் அதுவேதான்.

இத்தனைக்குப் பிறகும் தப்பு நேரும். எதைத் திருத்தலாம், எதை முடியாது என்று முன்பே தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். இன்ஸ்டாகிராமில் விளக்க வரியை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், வீடியோவை மாற்ற முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய எழுத்தை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். வீடியோவிலேயே விலை தப்பாகப் போயிருந்தால், பார்வை குறைந்துவிடுமே என்று தயங்காமல் எடுத்துவிடுங்கள். அதற்குள் யாராவது அந்த விலையைப் பார்த்து ஆர்டர் கொடுத்திருந்தால், அவருக்கு மட்டும் அந்த விலைக்கே கொடுத்துவிடுங்கள். சரியான விலையைத் தேதியோடு புதிய பதிவாகப் போடும்போது, முந்தையதில் தப்பு இருந்தது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.